இன்சூரன்சில் சேல்ஸ் மேனேஜர் வேலை உங்களைத் தேடி வந்தால் ஏற்கலாமா? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"உங்களுக்கு ஊர்ல நல்ல பழக்கம் இருக்கு தம்பி. இன்னும் எத்தனை நாளைக்குத் தனியா அலைவீங்க? மேனேஜரா வந்துடுங்க, கீழ இருபது பேரு வேலை செய்வாங்க, நீங்க பார்த்துக்கிட்டா போதும்."

நம் பக்கத்தில் இந்த அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வரும். கேட்பவர் சில வருடம் பாலிசி போட்ட ஏஜென்டாக இருக்கலாம், பைக் லோன் ஷோரூமில் நின்றவராக இருக்கலாம், மைக்ரோ ஃபைனான்சில் வசூலுக்குப் போய் அலுத்துப் போனவராக இருக்கலாம். விசிட்டிங் கார்டில் "மேனேஜர்" என்று வருவதற்கு வீட்டில் ஒரு மதிப்பு உண்டு, பெண் பார்க்கும் இடத்தில் இன்னும் அதிகம். அதனால்தான் பலர் கணக்குப் போடாமலே தலையாட்டிவிடுகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலிசி விற்கத் தெரிவது இந்த வேலையில் ஒரு சின்னப் பகுதிதான். விற்கக்கூடிய ஆட்களைக் கண்டுபிடித்து, பரீட்சை எழுத வைத்து, முதல் பாலிசியைப் போட வைத்து, இரண்டு வருடம் விலகாமல் வைத்திருக்க உங்களால் முடியுமா? வேலை அதுதான். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான்.

படி 1: எந்த மேனேஜர் என்று முதலில் கேளுங்கள்

ஒரே பெயரில் நான்கைந்து வேலைகள் சுற்றுகின்றன.

எல்.ஐ.சி.யில் வளர்ச்சி அதிகாரி என்பது சம்பளப் பதவி. அறிவிப்பு வந்து, தேர்வு எழுதித்தான் உள்ளே போக முடியும். யாரும் டீக்கடையில் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள். அங்கேயும் உங்களுக்கு ஆகும் செலவுக்கு ஏற்ற பிரீமியம் வந்தாக வேண்டும் என்ற கணக்கு உண்டு. அதே எல்.ஐ.சி.யில் தலைமை ஆயுள் காப்பீட்டு ஆலோசகர் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதில் உங்கள் ஏஜென்சியை விடாமலே கீழே ஆட்களைச் சேர்க்கலாம், அவர்கள் செய்யும் வியாபாரத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு வரும். ஏற்கெனவே ஏஜென்டாக இருப்பவர்கள் மற்ற எதையும் யோசிக்கும் முன் இதை விசாரிப்பது நல்லது.

தனியார் நிறுவனங்களில் ஏஜென்சி சேல்ஸ் மேனேஜர் என்பதுதான் அதிகம் காலியாகும் இடம். ஏன் அடிக்கடி காலியாகிறது என்று கேட்டுப் பாருங்கள், பாதி விவரம் அதிலேயே வந்துவிடும். வங்கி வழியாக விற்கும் பிரிவில் மேனேஜராகப் போனால் ஆள் சேர்க்கும் வேலை இல்லை. ஆனால் வங்கிக் கிளை மேலாளர் மனம் வைத்தால்தான் உங்களுக்கு வியாபாரம், அவர் மாற்றலாகிப் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உடல்நலக் காப்பீட்டு நிறுவனங்களில் தொகை சின்னது, பாலிசி எண்ணிக்கை அதிகம், வருடா வருடம் புதுப்பிக்க வைக்க வேண்டும், கிளெய்ம் வந்தால் இரவு பத்து மணிக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்.

இன்னொன்று, பெயரில் மட்டும் மேனேஜர். சம்பளம் கிடையாது, கீழே இருப்பவர்கள் செய்யும் வியாபாரத்தில் ஒரு சதவீதம் மட்டும். இதைத் தப்பென்று சொல்லவில்லை, ஆனால் அது வேலை அல்ல, சொந்த வியாபாரம். கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: "பி.எஃப். பிடிப்பீங்களா சார்?"

படி 2: ஆஃபர் தாளைக் கையில் வரும் பணமாக மாற்றுங்கள்

மாதம் 40,000 சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்று சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 20,000. இது ஒரு மாதிரிக் கணக்கு, உங்கள் தாளில் உள்ள எண்களைப் போட்டு மறுபடி செய்யுங்கள்.

அந்த நாற்பதில் வேரியபிள் என்று 5,000 ஒளிந்திருக்கும், டார்கெட் அடித்தால்தான் வரும். நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,800, கிராஜுவிட்டிக்காகச் சுமார் 960, குழு மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு 540. இவற்றைக் கழித்தால் 31,700. உங்கள் பங்கு பி.எஃப். 1,800, தொழில்வரி ஒரு 200 போனால் 29,700. சரி, இதுதான் வங்கிக் கணக்கில் விழும்.

இனி பெட்ரோல். தருமபுரியிலிருந்து பென்னாகரம் போய்வர அறுபது கிலோமீட்டர், அரூர் போய்வர எண்பது. நாளுக்குச் சராசரி 70 கிலோமீட்டர், மாதம் 24 நாள் என்றால் 1,680 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கும் வண்டிக்கே 37 லிட்டருக்கு மேல் வேண்டும், சுமார் 3,800 ரூபாய். நிறுவனம் பயணப்படி தந்தாலும் அதற்கு ஒரு உச்சவரம்பு இருக்கும், பில் பாஸாகி வர மாதக்கணக்கில் ஆகலாம். ஏஜென்டுகளுக்கு டீ, மதியம் பிரியாணி, யாராவது வீட்டு விசேஷத்துக்கு மொய் என்று ஒரு 3,000. மீதி நிற்பது 23,000க்குப் பக்கம்.

இந்தத் தொகையில் குடும்பம் ஓடுமா என்று பாருங்கள். இன்சென்டிவ் வந்தால் ஓடும் என்பது பதில் ஆகாது. இன்சென்டிவ் இல்லாத ஆறு மாதத்தைத் தாங்க முடியுமா என்பதே கேள்வி. முதல் ஆறு மாதம் அப்படித்தான் போகும்.

படி 3: டார்கெட்டைத் தலைகீழாகப் பிரித்துப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். நேர்காணலில் "வருஷத்துக்கு முப்பது லட்சம், ஈசிதான்" என்பார்கள். முப்பது லட்சம் முதல் வருடப் பிரீமியம் என்றால் மாதம் இரண்டரை லட்சம். நம் பகுதியில் ஒரு பாலிசிக்குச் சராசரி 25,000 என்று எடுத்துக்கொண்டால் மாதம் 10 பாலிசி.

இந்தப் பத்தை நீங்கள் போடப் போவதில்லை, உங்கள் ஏஜென்டுகள் போட வேண்டும். மாதம் ஒரு பாலிசி தவறாமல் போடுகிற ஏஜென்ட் நல்ல ஏஜென்ட். அப்படிப் பத்துப் பேர் வேண்டும். கோடு, அதாவது ஏஜென்ட் எண், வாங்கியவர்களில் மூன்றில் ஒருவர்தான் உண்மையில் வேலை செய்வார் என்று வைத்தால், முப்பது பேருக்குக் கோடு திறக்க வேண்டும். ஒவ்வொருவரும் பத்தாம் வகுப்பு முடித்தவராக, 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். பயிற்சி முடித்து ஐ.சி.38 என்ற ஏஜென்ட் பரீட்சையில் தேற வேண்டும். முப்பது பேர் தேறுவதற்கு நீங்கள் எத்தனை பேரிடம் பேச வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள்.

இப்போது ஒரு நோட்டை எடுத்து, உங்களுக்காக ஏஜென்ட் ஆகக்கூடியவர்களின் பெயர்களை எழுதுங்கள். உங்களிடம் பாலிசி எடுப்பவர்களை அல்ல, உங்களோடு வேலை செய்யக்கூடியவர்களை. மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதும் அக்கா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், உரக்கடைக்காரர், ஜெராக்ஸ் கடையோடு இ-சேவை நடத்தும் தம்பி, அஞ்சலகச் சிறுசேமிப்பு வசூலிக்கும் அம்மா இப்படி. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, "இவர் ஏன் செய்வார்?" என்று ஒரு வரி எழுத வேண்டும். "நான் கேட்டால் மறுக்க மாட்டார்" என்பது காரணம் அல்ல. அப்படி வந்தவர் தன் பெயரில் ஒரு பாலிசி, தம்பி பெயரில் ஒரு பாலிசி போட்டுவிட்டு மூன்றாம் மாதம் உங்கள் போனை எடுக்க மாட்டார். மகளின் காலேஜ் ஃபீஸுக்குப் பணம் வேண்டும், பகலில் நாலு மணி நேரம் சும்மா இருக்கிறார், நூறு வீட்டுக்குள் உரிமையோடு போகக்கூடியவர் என்பவை காரணங்கள்.

பத்துப் பெயராவது இந்தச் சோதனையில் தேறினால் மேலே படியுங்கள். நாலைந்தில் நின்றுவிட்டால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

இன்னொரு நுணுக்கம். ஒற்றைப் பிரீமியம் பாலிசியை டார்கெட் கணக்கில் பொதுவாகப் பத்து சதவீதமாகத்தான் எடுப்பார்கள். மாந்தோப்பு விற்றவர் ஒரே தடவையாக ஐந்து லட்சம் போட்டார் என்று நீங்கள் துள்ளிக் குதிப்பீர்கள், உங்கள் கணக்கில் ஏறுவது ஐம்பதாயிரம். இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 4: எந்த ஏரியா கொடுக்கிறார்கள்?

2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை இரண்டும் ஒன்றுதான். இன்சூரன்ஸ் கண்ணோடு பார்த்தால் இங்கே நாலைந்து நாடுகள் இருக்கின்றன.

ஓசூர், சூளகிரிப் பக்கம் மாதச் சம்பளக்காரர்கள். வங்கிக் கணக்கிலிருந்து பிரீமியம் தானாகப் போகும், டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் தரும் பாலிசி) என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் அவர்களுக்கு போனிலேயே ஒப்பிட்டு வாங்கத் தெரியும், பெங்களூரிலிருந்தும் போட்டிக்கு ஆள் வரும். முக்கியமாக, நிரந்தரத் தொழிலாளியையும் ஒப்பந்தத் தொழிலாளியையும் ஒன்றாக எண்ணக் கூடாது. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனவரின் கணக்கில் மாதத் தவணை எடுக்கப் பணம் இருக்காது. தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் என்றால் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற ஏஜென்ட் வேண்டும், நீங்களும் கொஞ்சம் பேச வேண்டும்.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி வட்டாரத்தில் மாங்காய்க் காசுதான் காசு. மே முதல் ஜூலை வரை பெங்களூரா ரக மாங்காயும் மற்ற ரகங்களும் கூழ் ஆலைகளுக்குப் போகும். விலை நன்றாக இருந்த வருடம் ஜூலை, ஆகஸ்டில் பாலிசி போடலாம். விலை விழுந்த வருடம் புதியது கிடைக்காது என்பதோடு பழையதும் தவணை கட்டாமல் லாப்ஸ் (காலாவதி) ஆகும். பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளிக்காரர்களிடம் காசு வரும் வேகமும் போகும் வேகமும் வேறு மாதிரி. தருமபுரியில் பட்டுக்கூடு போடுகிறவர்களுக்கு வருடத்தில் பல தடவை பணம் வருவதால் என்னைக் கேட்டால் அவர்கள் நல்ல வாடிக்கையாளர்கள்.

பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி கிராமங்களில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது பெங்களூரிலோ திருப்பூரிலோ கேரளாவிலோ வேலையில் இருப்பார். சம்பாதிப்பவர் ஊரில் இல்லை. பொங்கலுக்கு, ஆடிப்பெருக்குக்கு, தீபாவளிக்கு வரும்போதுதான் கையெழுத்து, மெடிக்கல் எல்லாம் முடிக்க முடியும். உங்கள் மாத டார்கெட்டோ பன்னிரண்டு மாதமும் ஒரே அளவு.

ஆக, ஏரியாவைக் கேட்டதும் உங்கள் கிளை மேலாளரிடம் கேட்க வேண்டியது: "டார்கெட்டை சீசனுக்குத் தகுந்த மாதிரி பிரிப்பீங்களா?" பெரும்பாலும் மாட்டார்கள். ஆனால் அவர் அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்கிறாரா என்று முகத்தைப் பாருங்கள்.

படி 5: பதிமூன்றாம் மாதத்தைப் பற்றிப் பேசுங்கள்

போட்ட பாலிசிகளில் இரண்டாம் வருடப் பிரீமியம் எத்தனைக்கு வந்தது என்பதுதான் பதிமூன்றாம் மாதப் பெர்சிஸ்டன்சி. அதன் பிறகு 25, 37, 49, 61ஆம் மாதம் வரை அளப்பார்கள். பல நிறுவனங்களில் உங்கள் இன்சென்டிவும் பதவி உயர்வும் இந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். ஏஜென்ட் போட்டுவிட்டுப் போய்விடலாம், எண் உங்கள் தலையில்தான் நிற்கும்.

கிளையில் கேளுங்கள்: நான் பொறுப்பேற்கப் போகும் டீமின் பதிமூன்றாம் மாத எண் என்ன? எனக்கு முன்னால் இருந்தவர் போட்டு லாப்ஸ் ஆனவை என் கணக்கில் வருமா? "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், வரும் என்று அர்த்தம்.

நம் ஊரில் இந்த எண்ணைக் காப்பாற்ற ஒரு வழி தவணையை வரவோடு பொருத்துவது. மாம்பழக்காரருக்கு மாதத் தவணை வேண்டாம், வருடத் தவணையாக ஜூலையில் வருவது போல் போடலாம். மாதத் தவணைக்குச் சலுகை நாட்கள் 15, வருடம், அரையாண்டு, காலாண்டுத் தவணைகளுக்கு 30. அந்தக் கூடுதல் பதினைந்து நாளில் மண்டிக்காரரிடமிருந்து பாக்கி வந்துவிடும். பாலிசி கையில் கிடைத்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பும் உரிமையும் வாடிக்கையாளருக்கு உண்டு. பேசி மயக்கி மார்ச் கடைசியில் போட்டவை ஏப்ரலில் திரும்பி வருவது இதனால்தான்.

விதிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. 2024 அக்டோபர் 1 முதல், ஒரு வருடப் பிரீமியம் முழுதாகக் கட்டி முதல் வருடம் முடிந்தாலே சரண்டர் தொகை (பாலிசியை நடுவில் முடித்துக்கொண்டால் திரும்பக் கிடைக்கும் பணம்) உண்டு என்று ஆனது. அதை ஒட்டிப் பல நிறுவனங்கள் கமிஷன் அமைப்பை மாற்றின. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், உடல்நலப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. வாடிக்கையாளருக்கு லாபம். ஏஜென்ட் கமிஷன் இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், ஆள் சேர்க்கப் போகும் உங்களுக்கு அது தெரியாமல் முடியாது.

படி 6: நீங்கள் ஏஜென்ட் என்றால், எதை விட்டுக்கொடுக்கிறீர்கள்?

நிறுவன ஊழியர் ஆனால் ஏஜென்சியை விட வேண்டியிருக்கும். உங்களிடம் வருடம் 20 லட்சம் புதுப்பிப்புப் பிரீமியம் ஓடுகிறது, கமிஷன் 5 சதவீதம் என்று வைத்தால், புதிதாக ஒரு பாலிசி போடாமலே வருடம் ஒரு லட்சம் வருகிறது. அது தொடருமா, நிற்குமா, வேறு ஏஜென்டுக்குப் போகுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் நம்ப வேண்டாம்.

"சம்சாரம் பேர்ல ஒரு கோடு போட்டுக்கலாம் அண்ணா, எல்லாரும் பண்றதுதான்" என்று ஒருவர் காதில் சொல்வார். சொந்த வியாபாரத்தை வேறு பெயரில் ஓட்டுவது பிடிபட்டால் வேலை போகும், ஒழுங்கு நடவடிக்கை என்று எழுதி அனுப்பினால் அடுத்த நிறுவனத்திலும் கதவு திறக்காது. பல வருடம் உழைத்து நல்ல புதுப்பிப்பு வருமானம் வைத்திருக்கும் ஏஜென்டுக்கு என் யோசனை பெரும்பாலும் "வேண்டாம்" என்பதே. ஒரு டீமை உருவாக்கிப் பெரிதாக வளர வேண்டும் என்ற ஆசை உண்மையாகவே இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

படி 7: கிளைக்குள் ஒரு திங்கட்கிழமை

சேரும் முன் ஒரு திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் உட்கார அனுமதி கேளுங்கள். பல கிளைகளில் கொடுப்பார்கள். வெள்ளைப் பலகையில் மேனேஜர்கள் பெயர் வரிசையாக இருக்கும், எதிரே போன வாரம் சொன்னது, செய்தது, இந்த வாரம் செய்யப் போவது. ஒவ்வொருவராக எழுந்து "மூணு லாகின் சார்" என்பார்கள், அதாவது மூன்று புது பாலிசி விண்ணப்பம் உள்ளே போகும் என்று அர்த்தம். அந்த மூன்றில் ஒன்று உறுதி, ஒன்று நம்பிக்கை, மூன்றாவது பயத்தில் சொன்னது. அறையில் இருக்கும் எல்லோருக்கும் அது தெரியும். போன வாரம் சொன்னதைச் செய்யாதவரிடம் கிளை மேலாளர் எப்படிப் பேசுகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். "என்ன தடை, நானும் கூட வர்றேன்" என்கிறாரா, எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்குகிறாரா? அடுத்த வருடம் அந்த இடத்தில் நிற்கப் போவது நீங்கள்.

அப்புறம், அந்தக் கிளையிலிருந்து விலகிய இரண்டு மேனேஜர்களைத் தேடிப் பிடியுங்கள். சின்ன ஊர், கஷ்டம் இல்லை. கேட்க வேண்டியவை: கடைசி மாதச் சம்பளமும் செட்டில்மென்டும் ஒழுங்காக வந்ததா, டார்கெட்டை நடுவில் ஏற்றினார்களா, முதல் எச்சரிக்கைக் கடிதம் எத்தனையாவது மாதம் வந்தது. இருக்கிற ஏஜென்டுகளிடமும் ஒரு கேள்வி: இறப்புக் கிளெய்ம் வந்தபோது கிளை கூட நின்றதா? தொப்பூர் கணவாய் விபத்து, மாரடைப்பு என்று எப்படியும் ஒரு நாள் ஒரு குடும்பம் உங்களைத் தேடி வரும். கிளெய்ம் ஒழுங்காக வாங்கிக் கொடுத்த ஊரில் புது ஏஜென்டைத் தேட வேண்டியதில்லை, தானாக வருவார்கள்.

படி 8: வீட்டில் பேசுங்கள், சொந்தப் பணத்துக்கு எல்லைக் கோடு போடுங்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள். மார்ச் 31 இரவு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. இதை மனைவியிடமோ கணவரிடமோ முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அதைவிட முக்கியம் பணம். மாதக் கடைசியில் ஒரு பாலிசி குறைகிறது, "நீங்க போட்டு விடுங்க, கஸ்டமர்கிட்ட அப்புறம் வாங்கிக்கலாம்" என்று மேலேயிருந்தே சொல்லும் ஆட்கள் உண்டு. பிரீமியத்தில் தள்ளுபடி கொடுப்பதையும் கமிஷனில் பங்கு கொடுப்பதையும் 1938ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 41ஆம் பிரிவு தடை செய்கிறது, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், கைக்காசில் போட்ட பாலிசிக்கு இரண்டாம் வருடம் யார் கட்டுவது? அது பதிமூன்றாம் மாதம் உங்கள் கழுத்துக்கே வரும். நகையை அடகு வைத்து டார்கெட் அடித்தவர்கள் நம் இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். ஆகவே சேரும் முன்பே முடிவு செய்யுங்கள்: பெட்ரோலுக்கும் டீக்கும் மேல் ஒரு ரூபாய்கூட என் பையிலிருந்து போகாது.

சொந்தக்காரர்கள் விஷயமும் இதே மாதிரிதான். மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் உண்மையில் தேவைப்படும் பாலிசியைப் போடுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் முதல் மூன்று மாதத் திட்டமே உறவுமுறையை நம்பி இருக்கிறது என்றால் நாலாவது மாதத்துக்கு உங்களிடம் திட்டம் இல்லை.

படி 9: தாளில் என்ன இருக்க வேண்டும், எப்போது சேர வேண்டும்

ஏற்பது என்று முடிவானால், ஆஃபர் கடிதத்தில் ஏரியா, நிலையான சம்பளம், வேரியபிள் எதன் அடிப்படையில், தகுதிகாண் காலம், நோட்டீஸ் காலம், பயணப்படி உச்சவரம்பு எல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றாலோ, இத்தனை வருடத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்றாலோ கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். காலியான டீமா, ஏற்கெனவே ஓடுகிற ஏஜென்டுகளில் சிலரை உங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்களா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். ஓடுகிற ஐந்து ஏஜென்டுகளோடு தொடங்குவது சம்பளத்தில் ஐந்தாயிரம் கூடக் கிடைப்பதைவிட மேல்.

ஜனவரி, பிப்ரவரியில் "உடனே சேருங்க" என்று அவசரப்படுத்தினால், மார்ச் கணக்கை முடிக்க உங்கள் பழக்கவழக்கம் தேவைப்படுகிறது என்று புரிந்துகொள்ளலாம். "ஏப்ரல் முதல் வாரம் சேர்றேன் சார், அதுக்குள்ள பத்துப் பேர்கிட்ட பேசி வைக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஆள் சேர்த்துப் பரீட்சை முடித்துவிட்டால், மாங்காய்ப் பணம் ஊருக்குள் வரும்போது உங்கள் ஏஜென்டுகள் கையில் கோடு இருக்கும். ஏப்ரல் வரை காத்திருக்க முடியாது என்று அவர்கள் சொன்னால், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாம். அந்த நாற்காலி எப்படியும் அடுத்த வருடமும் காலியாகும்.